டீத்தூள் கூப்பனின் பின்பக்கம்

22.1.2003, புதன்

காலையில் பனி. எட்டு மணிக்கும் எதிர்வீடு தெரியவில்லை. பரண் ஏறிச் சுத்தம் செய்தேன். பொங்கலுக்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டியது. சோம்பேறிக் கழுதை நான்.

கிடைத்தவை: ஓட்டை வாளி, உடைந்த சிலேட்டு, பிஸ்கட் டப்பா. டப்பாவுக்குள் டீத்தூள் கூப்பன்கள்! மாமியாரோடு கூட்டுக் குடும்பமாக இருந்தபோது நானும் கொழுந்தனார் மனைவி வசந்தாவும் சேர்த்தவை. பாகம் பிரித்த அன்று கரண்டி வரைக்கும் எண்ணிப் பிரித்தார்கள். இதை யாருமே நினைக்கவில்லை.

எண்ணினேன். எழுபத்து மூன்று. அதற்கப்புறம் நான் தனியாகச் சேர்த்தது இருபத்தேழு. அடேயப்பா, சரியாக நூறு! நூறுக்கு எவர்சில்வர் இட்லிப் பானை, நாலு தட்டோடு. அன்றைக்கு நாங்கள் ரெண்டு பேரும் ஆசைப்பட்ட அதே பானை.

மளிகைக் கடையில் கேட்டேன். "இந்த மாசத்தோட திட்டம் முடியுதுங்க. பழைய கூப்பனும் செல்லும். ஆனா பானை இங்க வரல, அரியலூர் ஏஜென்சிக்குத்தான் போவணும்."

அரியலூர். வசந்தா இருக்கும் ஊர். கொழுந்தனாருக்கு அங்கே சிமெண்டு ஆலையில் வேலை. மூன்று வருடமாக, விசேஷத்தில் பார்த்தால் "வாங்க", "சாப்ட்டீங்களா". அவ்வளவுதான் பேச்சு.

போனோமா, பானையை வாங்கினோமா, அடுத்த பஸ்ஸில் திரும்பினோமா என்று வந்துவிட வேண்டும்.

23.1

தலைவலி. தைலம் தீர்ந்துவிட்டது.

கூப்பன்களின் பின்பக்கம் முழுக்க வசந்தாவின் பென்சில் எழுத்து. பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்று பார்க்க, பிரித்த தேதியை எழுதி வைப்பாள். வாய் சும்மா இருக்காது அவளுக்கு. கையும் அப்படித்தான். தேதியோடு ஏதாவது ஒரு வரி. ஏஜென்சியில் கொடுத்தால் இதெல்லாம் போய்விடும். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்:

— பால் திரிஞ்சு போச்சு. எல்லாருக்கும் வரட்டீ.

— விருந்தாளி பதினோரு பேர். நாலே நாள்ல பாக்கெட் காலி. கூப்பன் லாபம்!

— டீச்சரம்மா கூப்பன். கறிவேப்பிலை குடுத்து வாங்கினது.

— அக்காவுக்குக் காய்ச்சல். நான் போட்ட டீ நல்லாருக்குன்னு பொய் சொன்னாங்க.

பொய்தான். கழனித்தண்ணி மாதிரி இருந்தது.

என்ன பாடு பட்டோம் அந்தப் பானைக்கு! பெரிய பாக்கெட்டிலும் ஒரே கூப்பன், சின்னதிலும் ஒரே கூப்பன் என்று வசந்தாதான் கண்டுபிடித்தாள். அதிலிருந்து சின்னதாகவே நாலு வாங்குவோம். யாராவது வாசலில் தலையைக் காட்டினால் போதும், இழுத்து உட்காரவைத்து டீ. ஊரே எங்களை உபசாரக்காரிகள் என்று நினைத்தது.

தனியாக உட்கார்ந்து சிரித்திருக்கிறேன். இவர் எட்டிப் பார்த்தார். "என்னாடி, பேய் கீய் புடிச்சிருச்சா?"

24.1

காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை.

எழுபத்து மூன்றில் கடைசிக் கூப்பன். பொடி எழுத்து. "அத்தை மறந்துபோய் வெறும் ஈயச்சொம்ப அடுப்புல வச்சுட்டாங்க. உருகிடுச்சு. அக்காகிட்ட சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன்."

அது ரசம் வைக்க என் அம்மா கொடுத்த ஈயச்சொம்பு. உள்ளே ஒன்றும் ஊற்றாமல் அடுப்பில் வைத்தால் உருகி ஓடிவிடும். காணோம் என்றதும் நான் வசந்தாவைத்தான் பிடித்தேன். அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன்: "உங்கம்மா வூட்டுக்குப் போயிருச்சா?" அவள் வாயே திறக்கவில்லை. அத்தையும் பக்கத்தில்தான் நின்றார்கள். அந்த மாதமே அடுப்பு ரெண்டானது.

அத்தை போன வருடம் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கப்புறமாவது சொல்லியிருக்கலாமே இவள்.

என் நாக்கில் சூடு போட வேண்டும்.

25.1

சாம்பாரில் உப்பு ரெண்டு தடவை போட்டேன். இவர் தண்ணீரைக் குடித்துக் குடித்தே தின்றார். பாவம்.

அந்த ஒரு கூப்பனை மட்டும் எவனிடமும் கொடுக்க மாட்டேன். அப்படியானால் தொண்ணூற்றொன்பது. பானை கிடைக்காது. கிடைக்காவிட்டால் போகிறது. அரியலூர் போகத்தான் வேண்டும்.

27.1, திங்கள்

ஒன்பது மணி பஸ். நிற்க இடமில்லை. வழி முழுக்கச் சுண்ணாம்புக்கல் லாரி, புழுதி.

வசந்தா கதவைத் திறந்தாள். "அக்கா! வாங்க வாங்க. யாருக்கும் ஒண்ணும் இல்லையே?" கூப்பனை நீட்டினேன். வாங்கிப் படித்தாள். முகம் ஒரு மாதிரி ஆனது.

"இதையாடி மூணு வருசமா மனசுல வச்சிருந்தே?"

"செத்தவங்க மேல பழி போடச் சொல்றீங்களாக்கா?"

தப்பு என்னுடையது, மன்னிச்சிடு என்றேன். அழுதேன். அவளும். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, "இத குடுக்கக் கூடாதுன்னா ஒண்ணு கொறையுதே," என்றாள். டப்பா நிறையத் தூள் இருக்க, புதுப் பாக்கெட்டைப் பிரித்துக் கூப்பனை வெட்டினாள். டீயும் போட்டாள். இன்னும் கழனித்தண்ணிதான். நல்லாருக்கு என்றேன்.

ரெண்டு பேருமாக ஏஜென்சிக்குப் போனோம். பானை கிடைத்தது. பக்கத்துப் பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவர், "யாரு பேரும்மா?" என்றார்.

"வசந்தா," என்றேன்.

"இல்லண்ணே, தனம்னு வெட்டுங்க. அக்கா பேரு," என்றாள் இவள்.

"சட்டுனு சொல்லுங்கம்மா, ஆளு நிக்குது."

"மருதாயி," என்றேன். வசந்தா திரும்பிப் பார்த்தாள். அத்தை பேர். "சொம்பை உருக்குனதுக்குப் பதிலா அவங்களே வாங்கிக் குடுத்ததா இருக்கட்டும்டி." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

பானையும் மூடியும் அவளிடம். தட்டு நாலும் என் பையில். ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி இட்லி அவிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை பானையோடு வருகிறாள். சனிக்கிழமை உளுந்து ஊறப்போட வேண்டும்.