ரிங்டோன் ஆன புட்டு விசில்

அக்டோபர் 3, செவ்வாய்

பிடிச்சிட்டேன்! இந்தோனேசியாவின் இந்த மலாங் நகரத்தில் மழை விட்ட அந்தியில் பாக் முஜியின் ('பாக்' என்றால் ஐயா) புட்டு வண்டி எங்கள் சந்துக்குள் வந்தது. அவர் வாய் திறந்து கூவவே மாட்டார். அடுப்பில் கொதிக்கும் தண்ணீரின் ஆவிதான் சின்ன ஓட்டை வழியாக 'ஊஊஊய்' என்று கூவும். நாற்பத்தொரு விநாடி, போனில் பதிவு! மூங்கில் குழலிலிருந்து, ரம்பை இலைச் சாறு கலந்த பச்சை நிறப் புட்டு வாழையிலையில் விழுந்தது, மேலே தேங்காய்ப்பூ. கடித்தால் உள்ளே வெல்லம் உருகி... கண்ணை மூடினேன். அந்த விசில் ஒரு நூல். யாரோ மேகத்தை அதில் கட்டி இழுத்துப் போற மாதிரி.

அக்டோபர் 5

பதிவை அன்றைக்கே இணையத்தில் போட்டேன். எண்பதாயிரம் பேர் கேட்டிருக்காங்க!! என் ரிங்டோனும் இனி அதுதான்.

இன்று போன் அடித்ததும் பக்கத்து வீட்டு தர்மி அக்கா தட்டோடு ஓடி வந்தாள். "எங்கடி வண்டி?"

"அக்கா, அது என் போன்."

"அடிப்பாவி! பாதிக் குளியல்ல ஓடியாந்தேன்டி. சரி, எனக்கும் அதை அனுப்பு."

அக்டோபர் 9

சந்தில் பதினோரு வீட்டில் அதே ரிங்டோன். நாள் முழுக்க விசில். கனவுக்குள்ளேயே குடியிருக்கிறேன்.

அக்டோபர் 12

அந்தியில் விசில். தர்மி அக்கா போன் என்று நினைத்துப் படுத்தே கிடந்தேன். பிறகு ரம்பை இலை வாசம். போனுக்கு ஏது வாசம்? ஓடினேன். வண்டி போயிருந்தது.

"அக்கா, நீங்க ஏன் வெளிய வரல?"

"உன் போன்னு நெனச்சேன்டி."

அக்டோபர் 16

நாலு நாளாக வண்டி வரவில்லை.

அக்டோபர் 18

ச்சே. நான்தான் கெடுத்தேன். நானேதான்.

மீன் சந்தைப் பக்கம் அவரைக் கண்டுபிடித்தேன். "அன்னிக்குக் கால்மணி நேரம் நின்னேன், பொண்ணு. ஒரு கதவும் தொறக்கல. உங்க சந்துக்கு என் புட்டு கசந்துபோச்சுன்னு நெனச்சேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்காமல் கேட்டார். "மத்த வியாபாரிங்களுக்குக் கூவ வாய் இருக்கு. எனக்கு இந்த ஓட்டை ஒண்ணுதான்."

"திரும்ப வருவீங்களா?"

மூங்கிலைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அக்டோபர் 19

பதினோரு கதவு, பதினோரு போன். எல்லாவற்றையும் மாற்றினேன். தர்மி அக்காதான் முரண்டு. "எனக்கு வேற என்னத்த வைப்ப?" ஆடு கத்துற சத்தம் வைத்தேன். போட்ட பதிவையும் எடுத்துட்டேன். மூணு லட்சம் பேர் கேட்டது... போகட்டும்.

அக்டோபர் 24

விசில்.

கை தானாகப் போனைத்தான் எடுத்தது. திரை இருட்டு. ஐயோ! ஓடினேன்.

சந்தே வண்டியைச் சுற்றி நின்றது. தர்மி அக்கா கையில் ரெண்டு பொட்டலம். "இவ்ளோ நேரம் எங்கடி இருந்த?"

"தீந்துபோச்சே, பொண்ணு," என்று சிரித்தார் பாக் முஜி. மிச்சமிருந்த தேங்காய்ப்பூவை வழித்து வாழையிலையில் கொடுத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. நின்றுகொண்டே தின்றேன். ஆவி இன்னும் கூவிக்கொண்டிருந்தது. போன் வீட்டில் கிடந்தது.