முதல் கவ்விக்கு நான் சொன்ன லாபம்

கீழமருதூர்,
9.2.2020

அன்பு மகள் கவிப்ரியாவுக்கு அப்பா பஞ்சநதம் எழுதுவது. ஜெர்மனிக் குளிரில் உனக்கு உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கவேண்டும், இங்கே நானும் அம்மாவும் அண்ணி வள்ளியம்மையும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசுகிற அப்பா இப்போது எதற்குக் கடிதம் போடுகிறார் என்று நினைப்பாய். இந்த வாரம் மூன்று தடவை உன்னிடம் சொல்ல வாயெடுத்தேன் பாப்பா, மூன்று தடவையும் அங்கே பனி பெய்கிறதா, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இதைப் படித்துவிட்டு நீ எவ்வளவு திட்டினாலும் எனக்குத் தகும்.

முதலில் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், திருவாரூர் டாக்டரிடம் போகலாம் என்றால் நாளைக்கு நாளைக்கு என்கிறாள். சம்பா அறுவடை முடிந்தது, விளைச்சல் பரவாயில்லை. உன் அண்ணன் ராஜராஜன் போன ஐப்பசியில் பூட்டிவிட்டுப் போன பட்டறையைப் பொங்கல் கழித்து வள்ளியம்மை திறந்தாள். விற்றுவிடலாம் என்று அவள் அண்ணன்மார் வந்து சொன்னார்கள், அவள் ஒரே பேச்சாக, அவங்க கதவுல பூ செதுக்குன மெஷின், அது ஓடுற சத்தம் இல்லாம எனக்கு இந்த வீட்டுல இருக்க முடியல என்று சொல்லிவிட்டாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மூன்று மாதம் சும்மா கிடந்த கம்ப்யூட்டர் மெஷின் உடனே ஓடுமா. நாகப்பட்டினத்திலிருந்து அப்துல் வஹாப் என்று ஒரு மெக்கானிக் வந்தார், நிதானமான மனுஷன். முதலில் அது பிடித்திருந்த செதுக்கு டூலை விடவே இல்லை, பார்த்தால் காற்றுக் குழாயில் கசிவு, கம்ப்ரஸர் எவ்வளவு ஓடியும் அழுத்தம் ஏறவில்லை. குழாயை மாற்றினார். அப்புறம் டூல் போய் உட்காருகிற கூம்புக்குள்ளே விரலை விட்டுப் பார்த்துவிட்டு உன் அம்மாவைக் கூப்பிட்டார். ஆயுத பூஜைக்கு அம்மா வைத்த சந்தனம் உள்ளே காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்திருக்கிறது. பொட்டை வெளியில எங்க வேணா வைங்கம்மா, உள்ள மட்டும் வேண்டாம் என்றார். ஐப்பசிக்கு அப்புறம் அன்றைக்குத்தான் உன் அம்மா சிரித்துப் பார்த்தேன். கடைசியில்தான் பெரிய கோளாறு தெரிந்தது, உள்ளே இருக்கிற பேட்டரி செத்துப்போய் டூல்களை மாட்டிவைக்கிற கவ்விகளில் எது எங்கே இருக்கிறது என்று உன் அண்ணன் பதிந்து வைத்திருந்த எண்கள் மொத்தமும் அழிந்துவிட்டன. பழைய ஃபைல் ஏதாவது இருக்கா என்று அவர் கேட்கவும் வள்ளியம்மை உன் அண்ணனுடைய சாமான் பெட்டியிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துவந்தாள். அதில் கவி என்று அவன் கையெழுத்து. உன்னோடு சண்டை போட்டவன் அதைத் தூக்கி எறியவில்லை பாப்பா, பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தான்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் என் தப்பு எனக்கே சரியாகப் பிடிபடும். போன மாசியில் அந்தத் தானாக டூல் மாற்றுகிற அமைப்பை மாட்டினோம். எட்டுக் கவ்வி, ஏழு டூல், கடைசிக் கவ்வி காலியாக இருக்கட்டும் என்று நீ சொல்லியிருந்தாய். ராஜா அளந்து அனுப்பிய அளவை வைத்துக்கொண்டு நீ லீவு போட்டு ராத்திரி பகல் பார்க்காமல் ஒவ்வொரு கவ்விக்கும் மெஷின் போகவேண்டிய இடத்தின் எண்களைப் போட்டு அனுப்பினாய். உன் அண்ணன் குழாய் மாட்டிக்கொண்டிருந்தான், அப்பா நீங்க நம்பர் ஸ்டிக்கரை ஒட்டி டூலை வரிசையா மாட்டிருங்க என்று என்னிடம் கொடுத்தான். மாட்டினேன். பலகையை வைத்து ஓட்டினோம். மூன்றாம் டூலைக் கேட்டால் மெஷின் போய் ரெண்டு என்று ஒட்டியிருந்த கவ்வியில் நின்று நீளமான டூலை எடுத்துக்கொண்டு வந்தது. உன் அண்ணன் பலகையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். பலகையைத் துளைத்து, அடி மேசையில் போய்க் குத்தி, டூல் உடைந்து அவன் காதோரம் பறந்தது. டூலைச் சுழற்றுகிற ஸ்பிண்டிலும் போயிற்று.

அவனுக்குப் பயத்தில் வந்த கோபம். கவி கொடுத்த எண் எல்லாம் ஒண்ணு தப்பு, வெளிநாட்டுல உக்காந்துகிட்டு என் தலையோட விளையாடுறா என்று போனில் கத்தினான். நீ, என் கணக்கு சரிதான், உனக்குத்தான் மாட்டத் தெரியல என்றாய். நான் அவன் பக்கம் நின்று படிச்ச திமிரு என்று உன்னைச் சொன்னேன். அவன் உன் எண்களை ஒரு கவ்வி தள்ளிப் போட்டு மெஷினை ஓட்டிக்கொண்டான், அதனால் நீ போட்டது தப்பு என்பதே இந்த வீட்டில் உறுதியாகிவிட்டது. அம்மா உங்கள் இரண்டு பேரிடமும் கெஞ்சிக்கொண்டேதான் இருந்தாள். மாசியிலிருந்து ஐப்பசி வரைக்கும் எட்டு மாதம் நீங்கள் பேசிக்கொள்ளவில்லை. அப்புறம் நாகப்பட்டினம் ரோட்டில் அந்த மழை, அந்த லாரி. அவன் முப்பதாம் நாள் காரியத்தன்று நீ அம்மாவிடம் அழுதாயாம், அண்ணன் சொன்னதுதாம்மா சரி, நான்தான் கணக்குல கோட்டை விட்டுட்டேன், அதை ஒத்துக்காமலே விட்டுட்டேன் என்று.

நீ கோட்டை விடவில்லை. வஹாப் உன் ஃபைலைப் போட்டு, டூல் எதுவும் இல்லாமல் வெறுமனே ஒன்று என்று அழுத்தினார். மெஷின் நேராகப் போய் முதல் கவ்விக்கு நடுவில் மயிரிழை பிசகாமல் நின்றது. அந்தக் கவ்வியில் ஸ்டிக்கர் இல்லை. இரண்டாவது கவ்வியில்தான் ஒன்று என்று இருந்தது. எட்டாவதில் ஏழு. ஒரு கவ்வி காலியாக இருக்கவேண்டியதுதானே என்று உன் அண்ணனும் அதைச் சந்தேகப்படவில்லை போலிருக்கிறது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, எண்ணு எல்லாம் அச்சு மாதிரி இருக்குங்கய்யா, ஸ்டிக்கர்தான் ஒண்ணு தள்ளியிருக்கு, முதல் கவ்விய ஏன் சும்மா விட்டீங்க என்று கேட்டார். அது லாபம்ப்பா என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது. ஊரில் மற்றவர்கள் நெல் அளந்தால் ஒண்ணு என்பதற்குப் பதிலாக லாபம் என்று சொல்லி, லாபம், ரெண்டு என்று எண்ணுவார்கள். நம் களத்தில் முதல் மரக்காலை லாபம் என்று சொல்லி அய்யனாருக்குத் தனியாகக் கொட்டிவிட்டு அடுத்ததைத்தானே ஒண்ணு என்போம். அறுபது வருஷம் அப்படி எண்ணின கை. அன்றைக்கும் முதல் கவ்வியைத் தொட்டு லாபம் என்று விட்டுவிட்டு அடுத்ததில் ஒன்றை ஒட்டியிருக்கிறேன். புத்தி கெட்டவன், இரும்புக்கும் நெல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவன். கூடப்பிறந்த இரண்டு பேரையும் எட்டு மாதம் பேசவிடாமல் செய்தது நான்தான். அவன் படத்துக்கு முன்னால் நின்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்வதுதான் பாக்கி இருந்தது.

பழைய ஸ்டிக்கரை எல்லாம் நானே சுரண்டி எடுத்தேன். வள்ளியம்மை புதிதாக ஒட்டினாள், எதுலேருந்து மாமா என்று கேட்டாள், முதல்லேருந்தும்மா என்றேன். இப்போது உன் எண்ணில்தான் மெஷின் ஓடுகிறது, கல்யாண மண்டபத்துக் கதவு பாதி முடிந்துவிட்டது.

முந்தாநாள் களத்தில் வீட்டுக்கு நெல் அளந்தோம். நம் களத்து ஆள் மருதையன் சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தான். முதல் மரக்காலை அள்ளிக்கொண்டு நின்றேன், லாபம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஒண்ணு என்றேன். அய்யா, லாபம் சொல்லலீங்களே என்று அவன் நிமிர்ந்து பார்த்தான். இல்லடா, ஒண்ணுதான் என்று சொல்லிச் சாக்கிலேயே கொட்டினேன்.

சித்திரையில் வருகிறேன் என்றாயே, கட்டாயம் வா. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விடாதே, வெளியில் போனால் காதை மூடிக்கொள். என்னை மன்னித்துவிட்டேன் என்று போனில் சொல்லிவிடாதே, நேரில் வந்து திட்டு. உன் அண்ணன் பெட்டியில் அந்தப் பென் டிரைவை அதே காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன், வந்து நீயே எடுத்துக்கொள். அய்யனார் உனக்கு ஒரு குறையும் வைக்கக்கூடாது. நீ கணக்குப் போட்டால் தப்பாது, அதை மட்டும் மறந்துவிடாதே.

உன் அப்பா,
கோ. பஞ்சநதம்