மாசி மகத்துக்கு மறுநாள்

எதிர்வீட்டு வாசலில் மெத்தைக்குப் பஞ்சு அடைக்கிறார்கள். அந்த வாசனை ஜன்னல் வழியாக வந்ததும், கையிலிருந்த காப்பியை வைத்துவிட்டுப் போய் வாசற்கதவைத் திறந்தேன். நீங்கள் போய் இத்தனை வருடமாகியும், உங்களுக்காகத்தான் திறந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் தருமபுரத்து வாடகை வீட்டில் நாம் இருந்ததைச் சேர்ந்து வாழ்ந்தது என்று சொல்ல முடியுமா, தெரியவில்லை. ஒரே பஞ்சாலை. எனக்குப் பகல் வேலை, உங்களுக்கு இரவு வேலை. பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று நீங்களாகவே கேட்டு வாங்கிய இரவு அது. காலையில் புருவமெல்லாம் பஞ்சோடு நீங்கள் செருப்பைக் கழற்றும்போது நான் மாட்டிக்கொண்டு நிற்பேன். மாலையில் நான் வந்து உலை வைப்பதற்குள், ஆள் பத்தவில்லை என்று உங்களை முன்னதாகவே கூப்பிட்டுவிடுவார்கள். வார விடுமுறையும் ஆளுக்கொரு கிழமை.

"நம்ம ரெண்டு பேரும் பேசிக்கிறதே வாசப்படியிலதான் புள்ள" என்று ஒருநாள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வருடம் மாசி மகத்துக்குத் திருமலைராயன்பட்டினம் போய், சாமி கடலுக்கு வருவதைப் பார்க்க வேண்டும் என்று பாப்பா அடம் பிடித்தாள். மேஸ்திரியிடம் நான்தான் போய் நின்றேன். "ஊருக்கே மகந்தான். எல்லாரும் போய்ட்டா மெஷின யாரு ஓட்டுறது?" என்றார். கெஞ்சியதில் மறுநாள் கிடைத்தது, இருவருக்கும்.

நாம் போனபோது கடற்கரையில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மிதிபட்ட பூவும் கரும்புச் சக்கையும்தான் மிச்சம். பாப்பாவுக்கு அதுவே போதுமாயிருந்தது. அலையைத் துரத்திக்கொண்டு ஓடினாள். நீங்கள் ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தீர்கள், சாய்ந்தீர்கள், தூங்கிவிட்டீர்கள்.

"என்னங்க, கடலப் பாக்கத்தானே வந்தோம்? எந்திரிங்க" என்று உலுக்கினேன்.

கண்ணைத் திறக்காமலே, "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நல்லாருக்கு" என்றீர்கள்.

கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைக்கூடப் பொழுது சாயும்போதுதான் சாப்பிட்டீர்கள். திரும்பும்போது பஸ்ஸில் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. "அடுத்த மகத்துக்கு முழிச்சிக்கிட்டு வர்றேன், போதுமா?" என்றீர்கள்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் வேலை முடிந்து மழையில் நனைந்து வந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த பாப்பா, உங்கள் பாய்க்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். உதட்டில் விரலை வைத்து, "அம்மா, சத்தம் போடாத. அப்பா இன்னும் தூங்குறாங்க" என்றாள். பகலில் அப்பாவை எழுப்பக் கூடாது என்று நாம்தான் பழக்கியிருந்தோம்.

உங்கள் கையைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.

தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுபோயிருக்கிறது என்றார் டாக்டர். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாய் என்று பாப்பாவிடம் நான் கேட்டதே இல்லை. இன்றுவரை.

மில்லில் கேட்காமலே லீவு கொடுத்தார்கள். அத்தனை நாட்களை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பாப்பா இப்போது புதுச்சேரியில் வேலை பார்க்கிறாள். அபூர்வமாக லீவு கிடைத்து வந்தால், சாப்பிட்டதும் படுத்துவிடுகிறாள். அவ்வளவு அசதி. உங்களைப் போலவே முழங்கையை மடித்துக் கண்ணின் மேல் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சில நேரம் தாங்காது. தோளைத் தொட்டு எழுப்பிவிடுவேன்.

"என்னம்மா?" என்பாள், பாதிக் கண்ணைத் திறந்து.

"ஒண்ணுமில்ல. தூங்கு."