பழத்தைக் கழுவிய குரங்கு

ஜூலை 7, திங்கள்

மழை. பொன்முடி முழுக்க மூடுபனி. பஸ் வரும் வழியில் மண் சரிவு, பள்ளிக்கூடம் போக வழியில்லை. துணி எதுவும் காயவில்லை. பயாலஜி நோட் பாக்கி.

மத்தியானம் மறுபடியும் குரங்கு. காது கிழிந்த அந்தப் பெரியது. தாழ்ப்பாளைத் தள்ள அதற்குத்தான் தெரியும். அப்பா தாழ்ப்பாளில் கம்பி சுற்றினார். கொஞ்ச நாள் உட்கார்ந்து பார்த்தது, பிறகு கம்பியையும் முறுக்கி அவிழ்த்துவிட்டது. இன்று போனவை: அரிசி, முட்டை, அம்மாவின் பிரஷர் மாத்திரை.

யோசிக்கத் தெரிந்ததால்தான் குரங்கும் மனிதனும் எங்கேயும் பிழைத்துக்கொள்கிறார்கள், இருக்கும் இடத்தையும் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறார்கள் என்றார் டீச்சர். எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் இரண்டு கூட்டமும் அதைத்தான் செய்கின்றன. நாங்கள் பூட்டுகிறோம். அவை திறக்கின்றன. அம்மா ஓய்ந்துவிட்டாள். "ஒரு நாளாவது சோறு பொங்கி வச்சுட்டு நிம்மதியா கொழுந்து பறிக்கப் போணும்."

ராத்திரி, பக்கத்து வீட்டு மாரியப்பன் அண்ணன். வாசலில் அப்பாவோடு மெதுவாகப் பேச்சு.

"செடிக்கு அடிக்கிற மருந்துதான். பழத்துக்குள்ள வச்சிரு மச்சான்."

"ஃபாரஸ்ட் வாட்சர் கண்டா கேஸாயிரும்வே. வேலையும் போவும், வீடும் போவும்" என்றார் அப்பா.

"யாரு காணப்போறா? நாம ரெண்டு பேருதான்."

போர்வைக்குள் மூன்றாவதாக நான். தூக்கமில்லை.

ஜூலை 8, செவ்வாய்

தூறல். எல்லோரும் வேலைக்கு. நான் மட்டும் வீட்டில்.

அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தேன். விறகுக் கொட்டகைக் கூரையில் வாழைப்பழம். பெரியது வந்தது, மோந்தது. கூட வந்த குட்டி கை நீட்டியபோது அதன் கையில் ஒரு அடி. பிறகு ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனது. மூடி மேலிருந்த கல்லைத் தள்ளி, தகரத்தை நகர்த்தி, பழத்தை முக்கி இரண்டு கையாலும் தேய்த்தது. மோந்தது. திரும்ப முக்கியது. அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்விட்டது.

லைன் முழுக்கக் குடிப்பது அந்தத் தொட்டித் தண்ணீர்தான்.

சொன்னால் அப்பா மேல் கேஸ். சொல்லாவிட்டால்? அதற்குள் கடைசி வீட்டு லீலா சேச்சி குடத்தோடு தொட்டிக் குழாயடியில். அவள் வீட்டில் கைக்குழந்தை. ஓடிப்போய், தெரியாமல் பட்டதுபோல் குடத்தில் மோதினேன். தண்ணீர் முழுக்கக் கொட்டியது.

"கண்ணு காணாதா பெண்ணே? எத்தர நேரமா பிடிச்ச வெள்ளம்!"

கூரையடியில் பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தேன். தொட்டியில் தவளை செத்துக் கிடக்கிறது என்றேன். "அய்யே" என்று போய்விட்டாள்.

அப்புறம் தொட்டியின் அடி வால்வு. துரு. கல்லால் தட்டித் தட்டித் திறந்தேன். எல்லாத் தண்ணீரும் சரிவில் போனது. துடைப்பத்தால் பழத்தை இழுத்து எடுத்து ஆழமாகப் புதைத்தேன். கையைச் சோப்பு போட்டுக் கழுவினேன். திரும்பவும் கழுவினேன். வால்வை மூட முடியவில்லை.

சாயங்காலம் எல்லோரும் காலிக் குடத்தோடு.

"இப்ப வால்வும் திறக்கப் படிச்சிட்டா அது?" மாரியப்பன் அண்ணன். "அடுத்தது நம்ம ரேஷன் கார்டை எடுத்துட்டுப் போயி அரிசி வாங்கும் பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. "பாத்துக்கிடுவோம்" என்றார். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும்.

ஜூலை 9, புதன்

மழை விட்டிருக்கிறது. தலைவலி. காலையில் அப்பா வால்வைச் சரிசெய்தார். மேலே ஓடையிலிருந்து ஹோஸ் வழியாகத் தண்ணீர் வந்து மதியத்துக்குள் தொட்டி நிறைந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பா கையில் புதிதாக ஒரு சீப்பு பழம். அம்மா மாவு அரைக்கப் போயிருந்தாள். சொல்லிவிட்டேன். குரங்கு கழுவியது, குடம், வால்வு, எல்லாம்.

அடிப்பார் என்று நினைத்தேன். சீப்பைக் கீழே வைத்தார்.

"தொட்டிக்குள்ள எத்தன பழம் கெடந்துச்சு?"

"ஒண்ணு."

"நல்லாப் பாத்தியா ஏட்டி?"

"ஒண்ணுதான் அப்பா."

"நான் நாலு வச்சேன். கூரையில ஒண்ணும் மிச்சமில்ல. குரங்குதான் தின்னுட்டுன்னுல்லா நெனச்சேன்."

மீதி மூன்றையும் ஓடையில் கொண்டுபோய்க் கழுவியிருந்தால்? அவர் மேலே ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு எங்கள் வீட்டுக் குடத்தை எடுத்து முற்றத்தில் கவிழ்த்தார். சட்டைகூடப் போடாமல் வெளியே போனார்.

முதலில் லீலா சேச்சி வீட்டுக் கதவு. குரல் இங்கே கேட்டது.

"தண்ணிய யாரும் குடிக்காதீங்க. மருந்து வச்சது நான்தான்."

அடுத்த கதவு.