ஏழாம் நம்பர் டிரேயில் முளைத்த ராகி

சந்தாபுரா
2.9.1996

அன்புள்ள நிருபமாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி ரகுவும் நன்றாக இருக்கிறோம், எடின்பரோ குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ரகுவுக்கு ஹெப்பகோடி கம்பெனியில் வேலை நிரந்தரமாகிவிட்டது. உன் கடிதம் வந்தது. வந்தது என்றால் என்ன, மாடி வீட்டு அலர்மேல்மங்கை டீச்சருக்கு நீ போட்ட கவருக்குள் மடித்து வைத்த ஒரு பக்கம் வந்தது. அவருக்கு ஏழு பக்கம். எண்ணித்தான் பார்த்தேன், எனக்கு வெட்கமில்லை.

ஏப்ரலில் நீ வந்தபோது உன் ஆராய்ச்சிக்காகக் காய்ந்த ஏரி மண்ணைப் பன்னிரண்டு டிரேயில் நிரப்பி, அதில் புதைந்து கிடக்கும் விதைகளில் எது முதலில் முளைக்கிறது, முந்தி வந்தது பிந்தி வந்ததை எப்படி அமுக்குகிறது என்று பார்த்து எழுத வேண்டும் என்றாய். கேட்டுக்கொண்டு நின்றவள் நான். நோட்டைக் கொடுத்தது டீச்சரிடம். அவர் பாட்டனி படித்தவர், சரி. உன்னைப் பெற்றவளுக்கு முளை எண்ணத் தெரியாதா?

இப்போது சொல்லப்போவதைக் கோபப்படாமல் படி. ஜூன் மாதம் டீச்சர் வைட்ஃபீல்டில் இருக்கும் மகன் வீட்டுக்கு நாலு நாள் போனார். மாடிச் சாவியைக் கொடுத்து, "நீங்க சும்மா தண்ணி மட்டும் ஊத்துங்க சாந்தா, வேற எதையும் தொடாதீங்க" என்று நாலு தடவை சொன்னார், என்னமோ நான் டிரேயைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவேன் என்பது போல. எனக்கு எரிச்சல். ஏழாம் நம்பர் மட்டும் சோனியாக இருந்தது. அப்பாவுக்காக ராகி களைந்த தண்ணீர் கையில் இருந்தது, நம் கறிவேப்பிலைக்கு ஊற்றுவதுதானே என்று அதில் ஊற்றிவிட்டேன். உன் மண்ணில் என் கையும் கொஞ்சம் படட்டுமே என்ற ஆசைதான். அடியில் நாலு ராகி மணி கிடந்திருக்கும் போலிருக்கிறது. ஒரே வாரத்தில் முளைத்து, கிடுகிடுவென்று வளர்ந்து, மெதுவாக எட்டிப்பார்த்த உன் கோரையையும் கீரையையும் மூடிவிட்டது.

எனக்கு இலையிலேயே தெரிந்தது. டீச்சருக்குக் கதிர் விட்ட பிறகுதான் தெரிந்தது. "ஏரிக்கு முன்னாடி இங்க ராகிக் கொல்லை இருந்திருக்கு, விதை இத்தனை வருஷமா மண்ணுக்குள்ளே தூங்கியிருக்கு பாருங்க" என்று குதித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. தப்பாகவே எழுதட்டும், மாட்டிக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன். அந்த அளவுக்குப் பொறாமை, போதுமா.

நேற்று உன் ஏழு பக்கத்தை அவர் படித்துக் காட்டினார். ராகி விதை அவ்வளவு காலம் தாங்காது என்றல்லவா நினைத்திருந்தோம், இதையே இருபத்தைந்தாம் தேதி கூட்டத்தில் பேசப்போகிறேன், எல்லாம் உங்கள் புண்ணியம் என்று எழுதியிருந்தாய். உங்கள் புண்ணியமாம். அப்புறம்தான் உறைத்தது, மேடையில் நின்று மாட்டிக்கொள்ளப்போவது டீச்சர் இல்லை, நீ. போனில் சொல்லலாம் என்றால் போன் இருப்பது அவர் கூடத்தில். அதனால் இன்றே ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். ஏழாம் நம்பரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடு, அதைப் பற்றிப் பேசாதே. மற்ற பதினொன்றில் நான் நல்ல தண்ணீர்தான் ஊற்றினேன், சாமி சத்தியம். டீச்சரிடம் நானே நாளைக் காலையில் சொல்லிவிடுகிறேன், அவர் ஒரு தப்பும் செய்யவில்லை.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள். போகிற இடமெல்லாம் உனக்கு நல்லதே நடக்க, பெருமாள் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
சாந்தகுமாரி

பி.கு. இதற்கு நீ திட்டித்தான் பதில் போடுவாய். திட்டு, ஏழு பக்கம் திட்டு. ஆனால் டீச்சர் கவருக்குள் சொருகாதே. மேலே என் பெயரை எழுதித் தனியாக அனுப்பு.