அணு இணைவுக்கு ஒரு கையெழுத்து

ஜூலை 15, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் நின்றபடியே பயணம். விக்கிரவாண்டி தாண்டியதும் டெல்லியிலிருந்து மெயில். அணு இணைவு ஆராய்ச்சிக்கு மத்திய அரசு நிதி. நம் திண்டிவனம் காலேஜுக்கு! மூன்று முறை படித்தேன். பக்கத்தில் மல்லாட்டை மூட்டையோடு ஒரு அம்மா; பஸ் முழுக்க வேர்க்கடலை வாசனை.

"இன்னாமா, தனியா சிரிச்சிக்கினு வர?"

"சூரியன் எரியற மாதிரி இங்க எரிய வெக்கப் பணம் குடுக்கறாங்க."

"இருக்கற வெயிலே தாங்கல. இன்னொண்ணு வேறயா."

நிபந்தனை: வெள்ளிக்குள் பிரின்சிபால் ஒப்புதல் போகணும். இல்லாவிட்டால் நிதி வேறு இடத்துக்கு.

செய்ய வேண்டியது: பிரின்சிபால் (பி.) கையெழுத்து. லேப் பம்புக்கு எண்ணெய். தோசை மாவு.

ஜூலை 16, புதன்
பி. கையெழுத்துப் போடவில்லை. 'அணு' என்று பார்த்ததுமே பேனாவை மூடிவிட்டார். "வெடிச்சிச்சின்னா? ஊர்க்காரங்க காலேஜ் கேட்டாண்ட வந்து உக்காந்தா யாரும்மா பதில் சொல்றது?"

இது அணுவைப் பிளப்பதில்லை, சேர்ப்பது என்று படமெல்லாம் வரைந்தேன். நன்றாகத் தலையாட்டினார். அத்தோடு சரி.

கோபம் மூக்குக்கு மேல். ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தேன். "சும்மா பேசிக்கினே இருந்தா ஆவுமா? லேபுக்குக் கூட்டிக்கினு போயி காட்டு." இவருக்கு இயற்பியல் சுத்தமாக வராது. மனுஷர்களைத் தெரியும்.

மாவு வாங்க மறந்தாச்சு. உப்புமா.

ஜூலை 18, வெள்ளி
கடைசி நாள். காற்று பேய்க்காற்று. விடாமல் கூப்பிட்டதில் மதியம் பி. லேபுக்கு வந்தார், கதவோரமே நின்றார். கண்ணாடிக் குழாயிலிருந்து பம்பால் காற்றை உறிஞ்சி எடுத்து, கரண்ட் கொடுத்தேன். உள்ளே ரோஜா நிறத்தில் ஒளி. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

"இது சின்னக் குழந்தை சார். இன்னும் பல மடங்கு சூடாக்கினாத்தான்..." சொல்லி முடிக்கவில்லை, கரண்ட் கட். ஒளி நன்றாகத் தெரிய ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தேன்; கும்மிருட்டு. பி. வராந்தாவுக்கே ஓடிவிட்டார்.

"என்னாம்மா ஆச்சு? வெடிக்கப் போவுதா?"

"அணைஞ்சிடுச்சு சார்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். இத அணையாம வெச்சிக்கத்தான் ஒலகமே பாடுபடுது. நாமளும் அதுக்குத்தான் கேட்டிருக்கோம்."

பி. திரும்ப உள்ளே வந்தார். கையில் செல்போன் டார்ச் வெளிச்சம். "பேனா குடு."

போட்டுவிட்டார்! அங்கேயே போட்டோ எடுத்து அனுப்பினேன். கரண்டும் வந்தது. போவார் என்று பார்த்தால், ஸ்டூலை இழுத்துக் குழாய்ப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தார்.

"எங்க, திருப்பி எரிய வை."