கொட்ட வேண்டிய பால்

ஜன. 20, திங்கள்
பனி. எட்டரை வரை எதிர்வீடு தெரியவில்லை. சம்பா முற்றிச் சாய்கிறது, அறுக்க ஆளில்லை. கூலித் தகராறு, இன்றோடு பதினோரு நாள்.

மிராசுதார் வீட்டிலிருந்து அழைப்பு. அவர் ஒரத்தநாட்டில், சமரசப் பேச்சுக்கு. மனைவி கமலாம்பாள்தான் இருந்தார். பசுவுக்கு மடிநோய். ஒரு காம்பு கல்லாக வீங்கி, பால் திரித்திரியாக. பண்ணையாட்களும் வேலைக்கு வராததால் அம்மாளே கறக்கிறார். பாதி கறந்து பாதி விட்டால் நோய் வராமல் என்ன செய்யும்?

பெனிசிலின் ஊசி, மூன்று நாளைக்கு. மற்ற மூன்று காம்பிலும் பால் வெள்ளையாகத்தான் வரும், ஆனால் மருந்து அதிலும் இறங்கும், கடைசி ஊசிக்குப் பிறகும் மூன்று நாள் கொட்டிவிடுங்கள் என்றேன்.

"அப்படியே செய்றேங்க டாக்டர்."

ஜன. 21, செவ்வாய்
இரண்டாவது ஊசி. வீக்கம் கொஞ்சம் தணிவு.
வாங்க: ஸ்பிரிட், பஞ்சு, சைக்கிள் டியூப். வீட்டுக்குக் கடிதம் பாக்கி.
டீக்கடையில் என் காதுபட: "நில உச்சவரம்புக்குப் பயந்து மாட்டு பேர்லகூடப் பட்டா எழுதிட்டாங்களாம். அதான் டாக்டர் தினம் போறாரு, பட்டாதாரரைப் பாக்க." நானும் சிரித்துவிட்டேன்.

ஜன. 22, புதன்
மூன்றாவது ஊசி. காய்ச்சல் இல்லை. பால் என்ன ஆகிறது என்று கேட்டேன்.
"நாங்க ஒரு சொட்டு தொடலீங்க."
திருப்தி. பதிவேட்டில் 'அறிவுரை பின்பற்றப்பட்டது' என்று எழுதினேன்.

ஜன. 23, வியாழன்
காலை. கால்நடை மருந்தகம் கூட்டும் அஞ்சலை, துடைப்பத்தை வைத்துவிட்டு: "சார், ரெண்டு நாளா உறை ஊத்துறேன், தயிராவே மாட்டேங்குது. தண்ணியாவே கெடக்கு."
"பால் ஏது?"
"பெரிய வீட்டம்மா குடுத்தாங்க. திங்கக்கெழமையிலேருந்து எங்க தெருவுக்குத்தான். கூலிப் பேச்சு நடக்குதுல்ல, மனசு எறங்கிட்டாங்கன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க."

உறை ஊற்றினால் தயிராக்குவது கிருமி. பெனிசிலின் இருக்கும் பாலில் அது பிழைக்காது. யார் யார் குடித்தார்கள் என்றேன். எல்லா வீட்டிலும். முதல் டம்ளர் அவள் தம்பி மனைவி செல்விக்கு, பிரசவமாகி இருபது நாள்.
"அவளுக்குத்தான் சார் நேத்துலேருந்து ஒடம்பெல்லாம் தடிப்பு. மின்னாடி பென்சிலு ஊசி போட்டு இப்புடித்தான் வீங்கினா. இனிமே போடவே கூடாதுன்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. இப்பதான் யாரும் ஊசி போடலியே?"

சைக்கிளில் போனேன். செல்விக்கு உதடு வீங்கி, மூச்சு இழுத்தது. விடியற்காலையிலும் அதே பால், அரை டம்ளர். ரோட்டில் தஞ்சாவூர் பஸ்ஸை மறித்தேன். டிரைவர் எங்கும் நிறுத்தாமல் ஓட்டினார். செல்வியின் குழந்தை அஞ்சலை மடியில் வீறிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி, பால், அவளுடைய பழைய சீட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

ஜன. 24, வெள்ளி
செல்வி பிழைத்துவிட்டாள். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை.

அஞ்சலை இருக்கும் கூலியாட்கள் தெருவில் ஒரே பேச்சு: வேலைநிறுத்தத்தை உடைக்கப் பாலில் விஷம் வைத்துவிட்டார்கள். கழி, கம்பு எல்லாம் வெளியே வந்துவிட்டது.

கமலாம்பாளிடம் போய்க் கேட்டேன். அழுதார். "பாலைக் கொட்டினா பாவமில்லீங்களா? எங்க புள்ளைங்களுக்குத்தான் ஒத்துக்காதுன்னு நெனச்சேன். அவங்கல்லாம் ஒழைக்கிற ஒடம்பு, தாங்கும்னு..."

ஆத்திரம். பாதி அவர் மேல், பாதி என் மேல். தொடவில்லை என்றதைக் கொட்டிவிட்டதாக நானே எடுத்துக்கொண்டேன். எங்கே கொட்டுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாயங்காலம் தெருவுக்குப் போய், விஷமில்லை, நான் போட்ட மருந்து என்றேன். சங்கத்துத் தங்கராசு நிதானமாகக் கேட்டார்:
"ஆகாதுன்னு தெரிஞ்சேதானே குடுத்திருக்காங்க?"
"கொட்டச் சொல்லியிருந்தேன்."
"அத எழுதிக் குடுப்பீங்களா சார்?"
எழுதிக் கொடுத்தேன், நான் விசாரிக்கத் தவறியதையும் சேர்த்து. கம்புகள் உள்ளே போயின. மிராசுதாருக்கு மந்திரிவரை ஆள் உண்டு. மாற்றல் வரும். வரட்டும்.

ஜன. 25, சனி
கடைசி நாள் பால். கூடவே நின்று எருக்குழியில் ஊற்ற வைத்தேன். அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. பசு நன்றாகத் தின்கிறது.

ஜன. 26, ஞாயிறு
பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம், ஆரஞ்சு மிட்டாய். செல்வி வீடு வந்துவிட்டாள். பேச்சுவார்த்தை மறுபடி செவ்வாயன்று.

மதியம் அஞ்சலை தன் வெள்ளாட்டை இழுத்து வந்தாள். குட்டி கடித்து மடியில் புண், சீழ். செல்வி இருக்கும் வீட்டுக்குப் பெனிசிலின் வேண்டாம் என்று சல்பா மாத்திரை கொடுத்தேன். இதற்கும் பால் ஆகாது, நான் சொல்லும்வரை கறந்து கொட்டு, வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே என்று இரண்டு தடவை சொன்னேன்.

"கொட்டிடுறேன் சார்," என்றாள். "எங்களுக்குக் கீழ குடுக்க யாரு இருக்கா?"